காரணம்: இடது கால்

முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டுவார். பிறகு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறப்பார். கீழே கால் வைக்க விரித்திருக்கும் ரப்பர் மேட்டை எடுத்து, இரண்டு உதறு உதறி, சுருட்டிப் பின்சீட்டில் வைப்பார். அந்த இடத்தில் பழைய செய்தித்தாள் ஒன்று விரியும். எண்ணெய்ப் பூட்ஸோடு அடுத்தவர் வண்டிக்குள் நுழைகிறவன் கொஞ்சம் மனுஷனாக நடந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. செய்தித்தாளிலும் பாகுபாடு உண்டு. அரசியல்வாதிகள் சிரிக்கும் பக்கம் என்றால் யோசிக்காமல் விரிப்பார். இரங்கல் செய்தி இருந்தால் பக்கத்தை மாற்றுவார். அப்புறம் இருக்கையை ஆகக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளி, தன் ஆறடி இரண்டு அங்குல உடம்பை மூன்று தவணையில் உள்ளே அனுப்புவார். கண்ணை மூடுவார்.

இந்தக் கட்டத்தில் வண்டிக்காரர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், மூடிய கண்ணைத் திறக்காமலே ஒரு விரல் மட்டும் உயரும். கோர்ட்டில் அமைதி வேண்டும்.

இடது கால் கிளட்சை மிதிக்கும். ஒரு கையின் இரண்டு விரல்கள் கியர்க் குச்சியின் தலையைத் தொடும். பிடிக்கமாட்டார், தொடுவதோடு சரி. ஒன்று, இரண்டு, மூன்று என்று குச்சி போய் வரும். ரிவர்ஸ் விழும். தலை லேசாக ஒருபக்கம் சாயும். இந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கிறவர்களுக்கு, கியர்பெட்டி உள்ளேயிருந்து அவரிடம் குடும்ப விஷயம் ஏதோ சொல்கிறது என்று தோன்றும். பிறகு கண் திறப்பார். செய்தித்தாளை மடிப்பார். மேட்டை இருந்த இடத்தில் போடுவார். கீழே இறங்கி, வண்டிக்காரரின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்ப்பார்.

"வண்டில ஒண்ணும் இல்ல. கால்ல இருக்கு."

அவரை எல்லாரும் ஜட்ஜ் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவரும் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டதில்லை. தகுதிக்கு உரியது தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது என்பது போல ஒரு சின்னத் தலையசைப்போடு ஏற்றுக்கொள்வார்.

நகரத்தின் கிழக்குக் கோடியில், டயர் கிடங்குக்கும் சவப்பெட்டி செய்பவர் கடைக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய பட்டறை. இருபத்திரண்டு வருஷமாகக் கியர்பெட்டியும் கிளட்சும் தவிர வேறெதையும் தொட்டதில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று யாராவது வந்தால், பல்வலிக்குக் கண் டாக்டரிடம் வந்தவரைப் பார்ப்பது போலப் பார்ப்பார். சுவர் ஓரமாக ஒரு நீள அலமாரி. அதில் கடித்துக் குதறிய பற்சக்கரங்கள், கருகிய கிளட்ச் தட்டுகள், வெடித்த ரப்பர் வளையங்கள். ஒவ்வொன்றிலும் நூல் கட்டி ஓர் அட்டை தொங்கும். அட்டையில் தேதி, வண்டி, காரணம். மற்றவர்கள் கண்ணுக்குத்தான் அது பழைய இரும்பு. அவருக்கு அது சான்றுப் பொருள். காரணம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: ஓட்டுபவரின் இடது கால்.

அந்த இடது காலை அவர் வகைப்படுத்தியும் வைத்திருந்தார். பெடல் மேலேயே சாய்ந்து ஓய்வெடுப்பது உட்கார்ந்த கால். முழுதாக மிதிப்பதற்குள் கியரைப் போட்டுவிடுவது அவசரக் கால். போடலாமா வேண்டாமா என்று பாதி வழியில் யோசிப்பது சந்தேகக் கால். ஒருமுறை அழுத்த ஆரம்பித்தால் விடவே விடாதது மாமியார்க் கால். அடிவரை எட்டாமல் பாதியில் நின்றுவிடுவது அரைக்கால். இந்த வகைப்பாட்டை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. எல்லாம் சொந்த ஆராய்ச்சி.

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு ஒத்துமை இருக்கு," என்பார் பக்கத்துச் சவப்பெட்டிக்காரர். "நம்மகிட்ட வந்துட்டுப் போனவங்க யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்ல."

ஜட்ஜ் இதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

குளிர்காலம்தான் அவருக்கு அறுவடை. கண்ணாடியில் உறைபனி பூக்க ஆரம்பித்ததும் வரிசை கட்டிவிடுவார்கள். காலையில் முதல் கியர் விழவில்லை, ரிவர்ஸ் போட்டால் பல்லைக் கடிக்கிறது, மிதித்த பெடல் மேலே வர யோசிக்கிறது என்று ஆளுக்கொரு புலம்பல். அதில் நியாயமும் இருந்தது. குளிரில் கியர் ஆயில் பாகு போல இறுகும். ரப்பர் வளையங்கள் விறைக்கும். தேய்ந்த சாமான் எல்லாம் கோடை முழுக்க மறைத்து வைத்திருந்த வயதைக் குளிர்காலத்தில் ஒப்புக்கொள்ளும். இதெல்லாம் ஜட்ஜுக்குத் தெரியும். ஆயில் கெட்டி என்றால் மாற்றுவார். வளையம் போயிருந்தால் புதிது போடுவார். அந்த விஷயத்தில் அவர் கையைக் குறை சொல்ல ஆள் கிடையாது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அவருடைய பட்டறைக்கு ஒரு வண்டி வந்து சேர எப்படியும் கால் மணி, இருபது நிமிஷம் ஆகும். அதற்குள் இன்ஜின் சூடாகி, ஆயில் இளகி, வண்டி சமர்த்தாகிவிடும். ஜட்ஜ் கண்ணை மூடிக் கியரைப் போட்டால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கும். வண்டிக்காரர் வெலவெலத்துப் போவார். "சத்தியமா சொல்றேங்க, காலைல..." என்று ஆரம்பிப்பார்.

"வண்டி அதேதான். ரோடு அதேதான். பெடலும் அதேதான்," என்பார் ஜட்ஜ். "நான் போட்டா விழுது, நீங்க போட்டா விழல. நடுவுல மாறினது என்ன? சொல்லுங்க."

வண்டிக்காரர் குனிந்து தன் காலைப் பார்ப்பார். அத்தோடு வழக்கு முடிந்தது. மேல்முறையீடு கிடையாது.

அவருடைய முதல் பெரிய தீர்ப்பு வீட்டிலேயே வழங்கப்பட்டது. கல்யாணமான மூன்றாவது மாதம், குளிரில், மனைவி அவருடைய காரை எடுத்தாள். முதல் கியர் போடும்போது கார் அலறியது. அவர் உட்கார்ந்து பார்த்தார், அலறவில்லை. 'அரைக்கால்' என்று தீர்ப்பானது. அன்றைக்கு இறங்கியவள்தான், பத்தொன்பது வருஷமாகப் பஸ்ஸில் போகிறாள். ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். பிறர் வாயைத் திறக்கவைத்து வேலை பார்ப்பதால் வீட்டில் தன் வாயைத் திறப்பதிலும் அவளுக்குத் தயக்கம் இருந்ததில்லை.

"உங்க கோர்ட்ல இதுவரைக்கும் ஒரு காலாவது விடுதலை ஆயிருக்கா?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"தப்புப் பண்ணாத கால் எங்கிட்ட ஏன் வருது?" என்றார் அவர்.

"எங்க டாக்டர்கிட்ட வர்ற எல்லாருக்கும் பல்லு சொத்தைன்னு சொல்றதில்ல. சில பேர்கிட்ட, 'ஒண்ணும் தெரியல, நாளைக்கு வாங்க'ன்னும் சொல்றார்."

"அவருக்குத் தெரியல, சொல்றார்," என்று ஜட்ஜ் அடுத்த கவளத்தை எடுத்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் அஞ்சாம் வண்டி வந்து சேர்ந்தது.

நகரத்தின் மேற்கே ஒரு பெரிய சலவை நிறுவனம். ஆஸ்பத்திரிகளின் போர்வை, விடுதிகளின் தலையணை உறை எல்லாம் அங்கேதான் வெளுத்துத் தேய்க்கப்பட்டுப் போகும். எட்டு வேன்கள். அங்கே ஓட்டுநர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அஞ்சாம் வண்டியை ஓட்டியவள் முப்பத்தெட்டு வயதுப் பெண், குள்ளம். எல்லாருக்கும் அவள் அஞ்சு. ஆறு வருஷம் தேய்ப்புக்கூடத்தில் நீராவி உருளைகளுக்கு முன்னால் நின்றவள். இரண்டு முன்கையிலும் அதற்கான அத்தாட்சி கோடு கோடாக இருக்கிறது. மூன்று முறை விண்ணப்பம் போட்டு, ஓட்டக் கற்றுக்கொண்டு, போன வசந்தத்தில்தான் வெளியே வந்தாள். கோடை முழுக்க ஒரு குறை இல்லை. குளிர் தொடங்கியதும் காலையில் வேனை ரிவர்ஸ் எடுக்கும்போது முற்றமே திரும்பிப் பார்க்கும்படி கர்ர்ர்க் என்றது.

முதல் தடவை வந்தபோது ஜட்ஜ் ஆயிலை மாற்றினார். இரண்டாம் தடவை கியர்பெட்டியைத் திறந்தார். ரிவர்ஸ் சக்கரத்தின் பற்கள் எலி கரண்டிய ரொட்டி போல இருந்தன. மாற்றினார். கிளட்ச் குழாயில் காற்று இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. மூன்றாம் தடவை அவள் வந்தபோது கடிகாரத்தைக் கழற்றி, மேட்டைச் சுருட்டி, தாள் விரித்து, இருக்கையைத் தள்ளி, கண்ணை மூடினார். வெண்ணெய்.

"அண்ணே, ஒரே ஒரு நாள் காலைல அங்க வந்து பாருங்கண்ணே," என்றாள். "தூங்கி எந்திரிக்கறப்ப அதோட குணத்தைப் பாக்கணும். இங்க வர்றதுக்குள்ள நல்ல பிள்ளையாயிடுது."

"ஜுரம் வந்தவங்கதாம்மா ஆஸ்பத்திரிக்கு வரணும். டாக்டர் விடியக்காலைல வீடு வீடாப் போயி யாருக்கு ஜுரம்னு கேக்கமாட்டார்."

"ஆஸ்பத்திரிக்கு வந்ததும் ஜுரம் எறங்கிடுதே. அதுக்கு நான் என்ன பண்றது?"

"காலைக் கொஞ்சம் காட்டும்மா."

அவள் காட்டினாள். ஜட்ஜ் அந்தச் சின்ன பூட்ஸைப் பார்த்தார், அவளுடைய உயரத்தைப் பார்த்தார், தன் இருக்கைக்கும் அவள் இருக்கைக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தார். இவ்வளவு தெளிவான வழக்கு அவருக்கு வெகுநாளாகக் கிடைத்ததில்லை. அட்டையில் அழகான கையெழுத்தில் எழுதினார். காரணம்: ஓட்டுபவரின் இடது கால். வகை: அரைக்கால்.

"நான் அடிவரைக்கும்தாண்ணே மிதிக்கறேன்."

"அடிவரைக்கும்னு நீ நினைக்கறம்மா."

அந்த அட்டை சலவை நிறுவன மேனேஜரின் மேஜைக்குப் போனது. மேனேஜர் காகிதத்தை மதிக்கிறவர். ஒரு காகிதம் மேஜைக்கு வந்தால் இன்னொரு காகிதம் மேஜையிலிருந்து போயாக வேண்டும். மறுநாளே ஜட்ஜுக்குப் போன் செய்தார்.

"வெள்ளிக்கிழமை காலைல ஏழு மணிக்கு நீங்க நேர்ல வந்து, எழுதினதை வாயால ஒரு தடவை சொல்லிடணும். விதி அப்படி. அந்தப் பொண்ணைத் தேய்ப்புக்கூடத்துக்கே திருப்பி அனுப்பறோம்."

"மறுபடியும் உருளைக்கா?" என்றார் ஜட்ஜ். ஏன் கேட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"பின்ன? ஒரே குளிர்காலத்துல மூணு தடவை பட்டறைக்கு அனுப்பி, கியர்பெட்டியும் திறந்தாச்சு. கால் சரியில்லன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

நான்தான் எழுதியிருக்கிறேன் என்றார் ஜட்ஜ். தீர்ப்பு சொல்வது அவர் வேலை. தண்டனை என்று ஒன்று அதற்குப் பிறகு நடக்கும் என்பதை அவர் அவ்வளவாக நினைத்துப் பார்த்ததில்லை. அவரிடம் தோற்றவர்கள் அதிகபட்சம் பஸ்ஸில் போனார்கள்.

வெள்ளிக்கிழமை அவர் போனபோது முற்றம் முழுக்க வெள்ளைத் தூள் தூவியது போல உறைபனி. சலவைக் கூடத்தின் குழாய்களிலிருந்து நீராவி வந்துகொண்டிருந்தது, கீழே ஒரு சொட்டு வெப்பம் இறங்கவில்லை. எட்டு வேன்களும் விறைத்து நின்றன. ஓட்டுநர்கள் பழைய அட்டைகளால் முன்கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரிந்திருந்ததால், கண்ணாடி சுத்தமான பிறகும் சுரண்டினார்கள். மேனேஜர் காகிதம் செருகிய பலகையோடு நின்றார். இரண்டு ஸ்வெட்டர், ஒரு கோட்டு, அதற்கு மேல் பதவி. அஞ்சு தன் வேனின் மூக்கருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"முதல்ல நீ போட்டுக் காட்டும்மா," என்றார் ஜட்ஜ்.

அவள் ஏறினாள். இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது. மிதித்தாள். குச்சியை ரிவர்ஸுக்குத் தள்ளினாள்.

கர்ர்ர்ர்க்.

ரெண்டாம் வண்டிக்காரர் தன் பல்லே உடைந்தது போல முகத்தைச் சுளித்தார். மேனேஜர், "கேட்டீங்களா? கேட்டீங்களா?" என்றார். கேட்காமல் இருக்க முடியாத சத்தம் அது.

"எறங்கும்மா."

அவள் இறங்கினாள். ஜட்ஜ் கடிகாரத்தைக் கழற்றினார். மேட்டை எடுத்து உதறினார். அது உதறலுக்கு அசையவில்லை. சுருட்டப் பார்த்தார், சுருளவில்லை. குளிரில் பலகையாகிவிட்டிருந்தது. சக்கரத்தின் மேல் சாய்த்து வைத்தார். தாளை விரித்தார், இருக்கையைத் தள்ளினார், ஏறினார், கண்ணை மூடினார். ரிவர்ஸ் விழுந்தது. சத்தமில்லை. முதல் கியர் விழுந்தது. சத்தமில்லை. ஆயில் கெட்டியாக இருந்ததால் குச்சி கொஞ்சம் சோம்பலாக நகர்ந்தது, அவ்வளவுதான்.

முற்றத்தில் கண்ணாடிச் சுரண்டலும் நின்றது.

"அப்ப சரி," என்றார் மேனேஜர். "உள்ள போய் எழுதிடறேன். நீங்க வந்து ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க." திரும்பி அலுவலகத்தை நோக்கி நடந்தார். உறைபனியில் பூட்ஸ் நொறுங்கும் சத்தம் கேட்டது.

அஞ்சு அழவில்லை. அழுதிருந்தால் ஜட்ஜுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் வேனின் பக்கவாட்டில் நிறுவனத்தின் பெயர் எழுதியிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் புரியலண்ணே," என்று மட்டும் சொன்னாள். "என் கால் எனக்குத் தெரியாதா?"

ஜட்ஜ் தாளை மடித்தார். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டுமே. மேட்டை எடுத்து உள்ளே வைத்தார். அது படுக்க மறுத்தது. ஓரத்தை அமுக்கினால் நடு எழும்பியது, நடுவை அமுக்கினால் மேல்விளிம்பு எழும்பியது. குனிந்து, ஒரு கையை ஊன்றித் தள்ளினார். மேல்விளிம்பு நழுவி ஏறி, கிளட்ச் பெடலுக்குக் கீழே போய், நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது.

அவர் கையால் பெடலை அழுத்தினார். அடிவரை போவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றது. மேட்டை விலக்கி அழுத்தினார். போனது. விட்டுவிட்டு அழுத்தினார். நின்றது.

கிளட்ச் பெடலின் கடைசி ஒரு விரற்கடையில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது. அதை மிதிக்காவிட்டால் தட்டு முழுதாக விலகாது. தட்டு விலகாவிட்டால் உள்ளே பற்சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றும் பல்லில் நிற்கும் பல்லைத் திணித்தால் கர்ர்ர்க். இதை அவர் ஆயிரம் பேருக்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறார்.

நான்காவது தடவையும் அழுத்திப் பார்த்தார். அதற்குத் தேவையே இருக்கவில்லை.

அவருடைய முதுகு வெளியே தெரிந்தது, தலை உள்ளே இருந்தது. அவர் பார்த்ததை அந்த முற்றத்தில் வேறு யாரும் பார்க்கவில்லை. ஹீட்டர் போட்டு ஓட்டினால் அடிக்கிற சூட்டில் இந்த ரப்பர் இருபது நிமிஷத்தில் இளகித் தரையோடு படுத்துவிடும். பட்டறைக்கு வரும்போது படுத்திருக்கும். படுக்கவில்லை என்றாலும் என்ன, அவரே எடுத்துச் சுருட்டிப் பின்னால் வைத்துவிடுவார். மரியாதையாக. மூன்று தடவையும் வைத்தார். மூன்று தடவை மட்டும்தானா? அலமாரியில் நூல் கட்டித் தொங்கிய அட்டைகள் அந்தக் குளிரில் அவர் மனதில் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்தன. ரொட்டிக்கடைக்காரரின் அவசரக் கால். பாட்டு டீச்சரின் சந்தேகக் கால். அவர்கள் வண்டியில் மேட் எப்படிக் கிடந்தது? அவருக்குத் தெரியாது. அவர் கண்ணை மூடுவதற்கு முன்பே அதை அகற்றியிருந்தார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு குளிரில், அவருடைய சொந்தக் காரில், காலடியில் என்ன கிடந்தது என்று யோசித்துப் பார்த்தார். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

மேனேஜரின் பூட்ஸ் சத்தம் அலுவலகக் கதவை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. மேட்டைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினால் போதும். இருபத்திரண்டு வருஷத் தீர்ப்புகளும் அப்படியே நிற்கும். அந்தப் பெண் உருளைக்குப் போவாள். அவள் அங்கே ஆறு வருஷம் நின்றவள்தானே, புதிதா என்ன என்று ஒரு குரல் உள்ளே வாதாடியது. வக்கீல் குரல். ஜட்ஜுக்குள்ளும் ஒரு வக்கீல் உண்டு.

"சார்!" என்றார்.

மேனேஜர் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பினார்.

"கொஞ்சம் இங்க வாங்க. நீங்க ஒரு தடவை உக்காந்து ரிவர்ஸ் போடுங்க."

"நானா? நான் எதுக்கு?"

"போடுங்க சார். உங்க கால் நல்ல கால்தானே?"

எட்டு ஓட்டுநர்கள் முன்னால் தன் கால் நல்ல காலில்லை என்று எந்த மேனேஜர்தான் சொல்வார். ஏறினார். மிதித்தார். தள்ளினார்.

கர்ர்ர்ர்க்.

"அடிவரைக்கும் மிதிச்சீங்களா?" என்றார் ஜட்ஜ்.

"அடிவரைக்கும்தான்யா மிதிச்சேன்!"

"அப்படி நீங்க நினைக்கறீங்க," என்றாள் அஞ்சு.

ரெண்டாம் வண்டிக்காரர் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார். "சாருக்கும் அரைக்காலா? அப்ப சாரையும் தேய்ப்புக்கூடத்துக்கு அனுப்பிடலாம்," என்று யாரோ வேனுக்குப் பின்னாலிருந்து சொன்னார்கள்.

"கால் இல்ல சார்," என்றார் ஜட்ஜ். "மேட்டு. குளிர்ல விறைச்சு பெடலுக்கு அடியில ஏறி நிக்குது. சூடானதும் படுத்துக்குது. படுக்கலேன்னாலும், எங்கிட்ட வந்தா நானே எடுத்துடறேன்." கொஞ்சம் நிறுத்தி, இன்னும் மெதுவாக, "நானே எடுத்துடறேன்," என்றார்.

"மேட்டா?" மேனேஜர் இறங்கினார். "இது குளிர்காலத்துக்குன்னு ஸ்பெஷலா நான் வாங்கிப் போட்ட மேட்டு. எட்டு வண்டிக்கும் ஒரே அளவு. மேலிடத்துல கூப்பிட்டுப் பாராட்டினாங்க."

"எட்டுல இது மட்டும் பழைய வண்டி சார். கால் வைக்கிற பள்ளம் சின்னது. மேட்டு ஒரு விரக்கடை பெருசு."

மேனேஜர் தன் பலகையைப் பார்த்தார். அவருடைய கவலை இப்போது முற்றிலும் வேறு திசையில் திரும்பிவிட்டிருந்தது. "அப்ப இந்தக் 'காரணம்' கட்டத்துல என்ன எழுதறது? மேட்டுன்னு எழுதினா யாரு வாங்கினதுன்னு கேப்பாங்க. காலியா விடவும் முடியாது. விதி அப்படி."

"குடுங்க சார்."

பலகையில் செருகியிருந்த தன் அட்டையை ஜட்ஜ் வாங்கினார். பேனா குளிரில் எழுதவில்லை. அதை வாயருகே பிடித்து இரண்டு முறை ஊதினார், உள்ளங்கையில் வைத்து உருட்டினார். ஓட்டுபவரின் இடது கால் என்பதன் மேல் ஒரு கோடு போட்டார். வகை என்று எழுதியிருந்ததன் மேலும் போட்டார். கீழே, அதே அழகான கையெழுத்தில், பரிசோதித்தவரின் பழக்கம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். தேதி போட்டார்.

மேனேஜர் படித்தார். முகம் தெளிந்தது. "ரொம்ப நல்லது. சுருக்கமா இருக்கு. யாருக்கும் கெட்ட பேர் இல்ல." அட்டையைச் செருகிக்கொண்டார். "அஞ்சு, நீ ஏன் நிக்கற? ஆஸ்பத்திரிப் போர்வையெல்லாம் காத்திருக்கு. வண்டியை எடு." அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஓட்டுநர்கள் ஒவ்வொருவராகத் தத்தம் வேனுக்கு நகர்ந்தார்கள். போகிற போக்கில் இரண்டு பேர் கதவைத் திறந்து தங்கள் காலடியில் கிடந்த மேட்டைக் குனிந்து பார்த்தார்கள்.

அஞ்சு நகரவில்லை.

"மூணு தடவை சொன்னேண்ணே," என்றாள்.

"சொன்னீங்க."

மன்னிப்பு என்ற சரக்கை அவர் பட்டறையில் இதுவரை வாங்கி வைத்ததில்லை. எங்கே கிடைக்கும் என்றும் தெரியாது. இருக்கையின் கீழே கையை விட்டு, பின்னுக்குத் தள்ளியிருந்ததை ஒவ்வொரு கிளிக்காக முன்னுக்குக் கொண்டுவந்தார். ஒரு கட்டத்தில் நிறுத்தி அவளைப் பார்த்தார். அவள் இன்னும் ஒன்று என்பது போலத் தலையசைத்தாள். இன்னும் ஒன்று வந்தது.

"உக்காருங்க."

அவள் ஏறி உட்கார்ந்தாள். ஜட்ஜ் கையுறையை மாட்டிக்கொண்டு மேட்டைத் தரையில் போட்டு, இரண்டு உள்ளங்கையாலும் அது படுக்கும்வரை அமுக்கிப் பிடித்தார். மேல்சட்டைப் பையிலிருந்து, பற்சக்கரத்தில் குறி போட வைத்திருந்த வெள்ளைச் சாக்குக்கட்டியை எடுத்தார். பிறகு வேனின் படிக்குக் கீழே, உறைபனியின் மேல், ஆறடி இரண்டு அங்குலத்தையும் மடக்கி, முழங்கால் போட்டு உட்கார்ந்தார்.

"இதை வெட்டணும். உங்க குதிகால் நிக்கிற இடத்தை விட்டுட்டு மீதியை எடுத்துடலாம். கால வைங்க. எப்பவும் எப்படி வைப்பீங்களோ அப்படி."

அவள் கிளட்சை அடிவரை மிதித்தாள்.

ஜட்ஜ் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, மேட்டின் மேல் ஊன்றியிருந்த அந்தச் சின்ன பூட்ஸின் குதிகாலைச் சுற்றிக் கோடு இழுக்க ஆரம்பித்தார். பாதிச் சுற்றில் சாக்குக்கட்டி ஒடிந்தது. கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு, ஒடிந்த துண்டை விரல் நுனியில் பிடித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.